கொம்பையாவின் நிழலும் ஆள்காட்டியின் வழக்கும்

“ஆள்றவன் நிழல் மாதிரி இருக்கணும்னு ஹஜ்ரத் சொன்னாங்க. அந்த நிழல்ல வந்து யாரோ... யாரோ வந்து...” என்று ஒட்டகம் இழுத்தது. அதன் தாடை ஒரு பக்கம் போய் மறு பக்கம் வந்தது. “மீதி வரமாட்டேங்குதே வாப்பா.”

இந்தப் பாதிப் பேச்சை வைத்துக்கொண்டு ஒரு காட்டில் முழு ஆட்சி அமைத்தார்கள். அந்தக் கதை இது.

காட்டில் ஒட்டகத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்காக வடக்கேயிருந்து லாரியில் வந்த ஒட்டகம் அது. வாங்கியவர்கள் அதைப் பள்ளிவாசலின் பின்சுவரை ஒட்டிக் கட்டிப் போட்டிருந்தார்கள். உள்ளே நல்லாட்சியைப் பற்றி மார்க்க அறிஞரான ஹஜ்ரத் தொடர்ந்து பயான் என்னும் சொற்பொழிவு செய்துகொண்டிருந்தார். ஒட்டகம் வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டது. பெருநாள் நெருங்கிய ஒரு சாயங்காலம் கயிறு இளகியிருந்தது. பயான் முடியும்வரை காத்திருந்தால் தானும் முடிந்துவிடுவோம் என்று ஒட்டகத்துக்குப் பட்டது. கிளம்பிவிட்டது. ஆகையால் அதற்குத் தெரிந்ததெல்லாம் பாதிப் பாதிதான்.

அந்தப் பாதியும் நினைத்த நேரத்தில் வராது. ஒட்டகத்துக்குத் தின்ற இலையும் கேட்ட பேச்சும் ஒரே வழியில்தான் திரும்பி வந்தன. அசை போட்டால் ஞாபகம் வரும். காலையில் ஒரு துண்டு வந்தால் மறு துண்டு எப்போது மேலேறி வருமோ, தெரியாது.

காட்டின் பழைய ராஜாவான சிங்கம் அந்தச் சமயம் மிருகக்காட்சிசாலைக்கு மாற்றலாகிப் போயிருந்தது. புது ராஜா வேண்டும். மிருகங்கள் கூடின. படித்தவர் என்று சொல்ல அங்கே ஒட்டகத்தை விட்டால் ஆளில்லை.

“மாமு, நல்லாட்சின்னா எப்படி இருக்கணும்னு சொன்னாங்க?” என்று கரடி கேட்டது. ஒட்டகத்தை எல்லாரும் மாமு என்றுதான் கூப்பிட்டார்கள்.

“உவமையாவே சொன்னாங்க வாப்பா. ஆள்றவன் மேய்ப்பன். மந்தையில ஒவ்வொரு உசுருக்கும் அவன்தான் பதில் சொல்லணும்.”

காட்டோரம் மேயும் வெள்ளாடு தலையைத் தூக்கியது. “மேய்ப்பனா? வேணாம் மாமு. வருஷம் பூராப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். பெருநாள் வந்தா வயித்தத் தடவிப் பாப்பான்.”

“அத எங்கிட்டயே சொல்றியாக்கும்” என்று ஒட்டகம் பெருமூச்சு விட்டது. “சரி, இன்னொண்ணு. எல்லாரும் சேந்து ஒரே உடம்பு. ஒரு விரல்ல நோவுன்னா உடம்பு முழுக்கக் காய்ச்சலடிக்கும்.”

“நல்ல உவமை” என்றது சிறுத்தை. “நான் வயிறா இருக்கேன்.”

அந்த உவமை உடனே கைவிடப்பட்டது.

“எல்லாரும் ஒரே கப்பல். கீழ்த்தட்டுல இருக்கவன் தண்ணிக்காக அடியில ஓட்டை போட்டான்னா, மேல்தட்டுல இருக்கவனும் சேந்து முங்கிருவான்.”

முள்ளம்பன்றி யோசித்தது. “கீழ்த்தட்டுக்காரனுக்கு மேல இருக்கவங்க ஏன் தண்ணி குடுக்கல?”

நரி கனைத்துக்கொண்டு, “அடுத்தது சொல்லுங்க மாமு” என்றது.

“சீப்போட பல்லு மாதிரி எல்லாரும் சமம்.”

சீப்பைப் பார்த்திருந்தது குரங்கு ஒன்றுதான். சுற்றுலா வந்த ஒரு அம்மாளிடமிருந்து பறித்தது. “எங்கிட்ட இருக்கறதுல பாதிப் பல்லு இல்ல மாமு” என்றது. சீப்பும் போயிற்று.

அதற்குப் பிறகுதான் நிழல் வந்தது. கத்திரி வெயில் தொடங்கியிருந்த நேரம். “ஆள்றவன் நிழல்” என்று ஒட்டகம் சொன்னதும் கூட்டம் முழுவதும் ஆ என்று ஒரே மூச்சு விட்டது. மீதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. நல்ல ராஜா என்றால் பெரிய நிழல். அவ்வளவுதானே? மயில் தோகையை விரித்துக் காட்டியது. நிழல் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. கொம்பையா என்ற யானை எழுந்து நின்றது. மயில் தோகையை மடக்கிக்கொண்டது.

ராஜா ஆன பிறகு கொம்பையாவை ‘அது’ என்று சொல்லக் கூடாது என்று உத்தரவாயிற்று. ஆகவே இனி அவர்.

கொம்பையா கெட்டவர் இல்லை. ஒரு விஷயம் அவர் காதுக்குள் போய் மண்டைக்கு ஏற நேரமாகும், அவ்வளவுதான். தம் நிழலைத் தாமே திரும்பிப் பார்த்துக்கொள்ளும் ஆசையும் கொஞ்சம் இருந்தது. நரி நிழல் துறைக்கு அமைச்சராயிற்று.

சில நாளில் ஒட்டகத்துக்கு இன்னொரு துண்டு மேலேறி வந்தது. “ஒரு நாள் வருமாம். அன்னைக்கு அந்த நிழலத் தவிர வேற நிழலே இருக்காதாம். அதுல ஒதுங்கற பாக்கியம், நேர்மையா ஆட்சி பண்ணவருக்குத்தான் முதல்ல. அது யாரோட நிழல்னா...”

ஆண்டவனோடது என்ற மீதி மேலேறி வரும்வரை நரி நிற்கவில்லை. நேரே ராஜாவிடம் ஓடியது.

“ராஜா, உங்க நிழலத் தவிர வேற நிழலே இருக்காதாம். ஆனா நம்ம காட்டப் பாருங்க. அந்தா மருது, இந்தா புங்கை, வேம்பு. அதது இஷ்டத்துக்கு நிழல் போட்டுட்டு நிக்குது.”

“அந்த நாள் தானா வரும்னு மாமு சொன்னாப்லயே” என்றார் கொம்பையா.

“தானா வர்றத நாம கொண்டாந்தா, அதுக்குப் பேருதான் ஆட்சி.”

கொம்பையா தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். மரங்கள் சாய்ந்தன. குடைவேலம்கூட மிஞ்சவில்லை. ஒட்டகத்துக்குத் தின்ன இலை போயிற்று. இலை இல்லாததால் அசை இல்லை. அசை இல்லாததால் ஞாபகமும் இல்லை. படித்தவரும் ஒழிந்தார் என்று நரிக்கு நிம்மதி.

இப்போது காட்டில் ஒரே ஒரு நிழல். அதற்கு வரிசை. வரிசைக்கு டோக்கன். டோக்கன் தேக்கிலையில் தருவதாகத்தான் ஏற்பாடு. தேக்கையும் பிடுங்கிவிட்டது பிறகுதான் ஞாபகம் வந்தது. அதனால் டோக்கன் இல்லாமலே டோக்கன் கேட்டார்கள்.

நிழலில் ஒரு சிக்கல் இருந்தது. அதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும் நடுப்பகலில் ராஜாவின் நிழல் சுருங்கி அவர் வயிற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அந்த இடம் நரிக்கும் நரியின் மச்சான்மாருக்கும்தான் சரியாக இருந்தது. சாயங்காலம் வெயில் தணிந்து யாருக்கும் நிழல் தேவைப்படாத நேரத்தில் அது நீண்டு நீண்டு ஆற்றைத் தாண்டி அடுத்த காடு வரைக்கும் போயிற்று. “ராஜ்யம் விரிகிறது” என்று நரி தினமும் அறிவித்தது.

குளத்தங்கரையில் ஒரு நாள் ஒட்டகத்துக்கு எங்கேயோ தங்கியிருந்த கடைசி வாய் இரை மேலே வந்தது. கண்ணை மூடி மென்றது. திடுக்கென்று கண்ணைத் திறந்தது.

“வந்துருச்சு! நிழல் எதுக்குன்னா, அநியாயத்துக்கு ஆளானவங்க வந்து ஒதுங்கறதுக்கு! அதுக்குத்தான் நிழல்!”

ராஜாவின் வயிற்றுக்கடியில் படுத்திருந்த நரி ஒரு கண்ணை மட்டும் திறந்தது. “வந்தா வரிசையில நிக்கச் சொல்லுங்க” என்று மறுபடி மூடிக்கொண்டது.

ஆனால் குளத்தில் வயிற்றை நனைத்துக்கொண்டிருந்த ஓர் ஆள்காட்டிப் பறவையும் அதைக் கேட்டது.

ஆள்காட்டி கூடு கட்டாது. பொட்டல் வெளியில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டையிடும். அதற்கு மரமும் தேவையில்லை, ராஜாவும் தேவையில்லை. நடுப்பகலில் முட்டைகளுக்கு மேலே இறகை விரித்து நின்றுகொள்ளும். சூடு தாங்காவிட்டால் புருஷனை நிறுத்திவிட்டுக் குளத்துக்குப் போய் வயிற்றை நனைத்து வந்து ஈரத்தை முட்டைமேல் சொட்டவிடும். காலங்காலமாக அப்படித்தான்.

மறுநாள் அந்தப் பக்கம் ரோந்து வந்த நரி நின்று பார்த்தது.

“இது என்ன?”

“முட்டை, அண்ணாச்சி.”

“முட்டை தெரியுது. முட்டைக்கு மேல?”

“நான்தான்.”

“உனக்கும் முட்டைக்கும் நடுவுல?”

ஆள்காட்டி குனிந்து பார்த்தது. “நிழல்.”

“யாரக் கேட்டுப் போட்ட?”

“அண்ணாச்சி, வெயில்ல விட்டா முட்டை வெந்து போயிரும்.”

“அப்ப வரிசையில வந்து ராஜா நிழல்ல வையி.”

“முட்டைக்குக் காலில்லையே.”

“அது முட்டையோட குறை. நிர்வாகத்தோட குறை இல்ல.”

வழக்குப் பதிவாயிற்று. அனுமதியின்றி நிழல் விடுத்த குற்றம். தீர்ப்பு வரும்வரை முட்டைகள்மேல் யாருடைய நிழலும் விழக் கூடாது என்று இரண்டு குரங்குகளைக் காவல் வைத்தார்கள். தங்கள் நிழலே விழுந்துவிடக் கூடாதென்று அவை எட்டி நின்று காவல் காத்தன. ஆள்காட்டியின் புருஷன் வானத்தில் வட்டமடித்துக் கத்தியது. சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கீழே கூழாங்கற்கள் கொதிக்க ஆரம்பித்தன.

ஆள்காட்டியை ராஜாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

“குற்றவாளி ஒத்துக்கிட்டாச்சு ராஜா” என்றது நரி, வயிற்றுக்கடியிலிருந்தே.

ஆள்காட்டியின் கண் பொட்டல் பக்கமே இருந்தது. “ராஜா, நான் அநியாயத்துக்கு ஆளானவ. உங்க நிழல்ல ஒதுங்க வந்திருக்கேன். மாமுவே சொல்லிட்டாரு.”

“ஒதுங்கிக்க. ஒத்தக் கால் வைக்க எடம் இருக்கு” என்றது நரி.

“நான் எதுக்கு ஒதுங்க? ஒதுங்க வேண்டியது முட்டை. அது வராது. ராஜா, குத்தம் நடந்த எடத்தக் கண்ணால பாக்காம தீர்ப்புச் சொல்லலாமா? நாளைக்கு நாலு காட்டுல என்ன பேசுவாங்க?”

இது கொம்பையாவின் காதுக்குள் போயிற்று. ஆள்காட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பொட்டலில் காற்று நெளிந்தது. கொம்பையா ஒரு காதை ஆட்டினார், மறு காதை ஆட்டினார். பிறகு, “நியாயந்தான்” என்று நடக்கத் தொடங்கினார்.

ராஜா நடந்தால் நிழல் நடக்கும். நரியும் மச்சான்மாரும் வயிற்றுக்கடியிலேயே குனிந்து குனிந்து ஓடி வந்தார்கள்.

“எங்க?”

“இன்னும் ஒரு எட்டு ராஜா. பாத்து, பாத்து! வலது கால அங்கயே வையுங்க. பின்னங்கால இழுக்காதீங்க. போதும், போதும்.”

நிழல் முட்டைகள்மேல் விழுந்தது. ஆள்காட்டி குனிந்து அலகால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. சூடுதான். ஆனால் வேகவில்லை.

“ம், சொல்லு” என்றார் ராஜா.

ஆள்காட்டி சொல்ல ஆரம்பித்தது. தன் குலம் எந்தக் குளத்திலிருந்து எந்தக் குளத்துக்கு வந்தது, எந்த வெயிலில் யார் யார் முட்டையிட்டார்கள், கொத்தவந்த காகத்தை யார் எப்படி விரட்டினார்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னது.

“விஷயத்துக்கு வா” என்றது நரி.

“பேசட்டும்யா” என்றார் கொம்பையா. “அநியாயத்துக்கு ஆளானவங்க பேச்சு நீளமாத்தான் இருக்கும்.”

காகத்தின் கதை முடியுமுன் வெயில் சாய்ந்துவிட்டது. “மீதிய நாளைக்கு இதே நேரம் சொல்றேன் ராஜா” என்று ஆள்காட்டி முட்டைமேல் உட்கார்ந்தது. நரி பாய்ந்தது. உட்கார்ந்தால் அது அடைகாப்பது, நின்றால்தான் நிழல் என்று ஆள்காட்டி விளக்கியது. சட்டத்தைப் போட்ட நரியால் மறுக்க முடியவில்லை.

மறுநாளும் ராஜா வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஆள்காட்டிக்குச் சாட்சிகள் தேவைப்பட்டார்கள். வழக்கில் சம்பந்தப்பட்டவர்களுக்கு ராஜாவின் வயிற்றுக்கடியில் நிற்க உரிமை உண்டு என்பதை முதலில் கவனித்தது அணில். தொண்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தது.

“ராஜா, மனசு உறுத்துது. நானும் வால விரிச்சு நிழல் போட்டிருக்கேன்.”

“அடப்பாவி! எப்ப?” என்றது நரி.

“எப்பன்னு யோசிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் இங்க நிக்கலாமில்ல?”

அதன் பிறகு குற்றவாளிகள் குவிந்தார்கள். மான் தன் கொம்புக்குக் கீழே நிழல் இருந்ததாக ஒத்துக்கொண்டது. ஆமை தன் ஓட்டுக்குள்ளேயே நிழலை ஒளித்து வைத்திருப்பதாகச் சரணடைந்தது. வெள்ளாடு கூட்டுச் சதி என்றது. என்ன சதி என்று கேட்டால், “கூட்டா இருந்தது” என்றது. குற்றம் சாட்டுபவர் குற்றவாளிகளோடு ஒட்டி நிற்பது முறையில்லை என்று முள்ளம்பன்றி எடுத்துச் சொல்லிவிட்டுத் தன் முட்களையும் லேசாக விரித்துக் காட்டியது. நரியும் மச்சான்மாரும் வெளியே வெயிலில் நிற்கும்படி ஆயிற்று.

நரியின் நாக்கு தரையைத் தொட்டது. “ராஜா, தீர்ப்பச் சொல்லிருங்க. விடுதலைன்னாலும் எனக்குச் சம்மதம்.”

“விடுதலையா?” ஆள்காட்டி சிலிர்த்துக்கொண்டது. “குத்தத்த நிரூபிக்காம என்ன எப்படி விடுதலை பண்ணுவீங்க? எனக்கு மானம் மரியாதை இல்லையா? ராஜா, எனக்கு இன்னும் சாட்சி இருக்கு.”

கூட்டம், “சாட்சி இருக்கு, சாட்சி இருக்கு” என்றது.

ஒரு நடுப்பகலில் குற்றவாளிகள் எல்லாரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது ராஜா மெல்லக் கேட்டார்.

“தாயி, முதுகு எரியுதே. எல்லாருக்கும் நான் நிழல். எனக்கு யாரு?”

“நிழல் குடுக்கறவங்களுக்கு ஏது ராஜா நிழல்? எனக்கும் முதுகு எரியத்தான் செய்யும்.”

“இத மாமு சொல்லலியே.”

“மாமுவுக்கு முதுகுல திமில் இருக்கு. சொரணை கம்மி.”

கொம்பையா சிரித்துவிட்டார். யானை சிரித்தால் உடம்பு முழுவதும் ஆடும். அந்த நேரம் பார்த்து ஒரு காட்டு ஈ அவர் முன்னங்காலில் கடித்தது. கால் தானாக எழும்பியது. நேர் கீழே முட்டைகள். ஆள்காட்டி கத்தவில்லை. கத்தினால் தூங்குபவர்கள் விழித்து ஓட, ராஜா மிரண்டு காலை வைத்துவிடுவார் என்று அதற்குத் தோன்றியது. “ராஜா” என்றது, மிக மெதுவாக. “அப்படியே இருங்க.”

கொம்பையா மூன்று காலில் நின்றார். ஈ கடித்துக்கொண்டே இருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. ஆள்காட்டி பறந்து வந்து ஈயைக் கொத்தித் தின்றது. பிறகு, “இப்ப வைங்க. கொஞ்சம் தள்ளி” என்றது.

அன்றிலிருந்து கொம்பையா வரும் வழியிலேயே குளத்தில் இறங்கி முதுகு நிறையச் சேற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். சேற்றுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக முட்டைகள்மேல் விழுந்தது. ஆள்காட்டிக்குக் குளத்துக்குப் போகும் வேலை மிச்சம்.

விசாரணை இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் ஒரு முட்டை லேசாக அசைந்தது. ஓட்டில் ஒரு கீறல் விழுந்தது. ஆமை தன் வாக்குமூலத்தை நிறுத்தியது. ஈர மயிரும் பெரிய காலுமாக ஒரு குஞ்சு வெளியே விழுந்தது. பின்னாலேயே மற்றவையும் வந்தன. ஆள்காட்டிக் குஞ்சு பிறந்ததும் ஓடும். ராஜாவின் நான்கு கால்களுக்கும் இடையில் அவை தடுக்கித் தடுக்கி ஓடின. கொம்பையா காலை நகர்த்தவே இல்லை. வாலைக்கூட ஆட்டவில்லை.

நரி வெயிலிலிருந்து துள்ளிக் குதித்தது. “முடிஞ்சுது! முட்டையே இல்ல. முட்டை இல்லன்னா முட்டை மேல நிழல் இல்ல. நிழல் இல்லன்னா குத்தம் இல்ல. வழக்குத் தள்ளுபடி! ராஜா, வாங்க, நம்ம எடத்துக்குப் போவோம்.”

குற்றவாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே பொட்டல் கண்ணைக் கூசவைத்தது. கோடையில் இன்னும் நிறைய மிச்சமிருந்தது. ஆள்காட்டி இந்த முறை சாட்சி எதையும் கூப்பிடவில்லை. குஞ்சுகளை இறகுக்குள் கூட்டிக்கொண்டு நின்றது.

கொம்பையா குனிந்து கேட்டார். “அடுத்த கோடைக்கும் இங்கதான் முட்டையிடுவியா?”

“எங்களுக்கு வேற எடம் தெரியாது ராஜா. இதே கல்லுதான்.”

“இதே நேரத்துக்கு வெயில் வருமில்ல?”

“வெயிலுக்கும் வேற எடம் தெரியாது.”

கொம்பையா ஒரு காதை ஆட்டினார். வெகுநேரம் கழித்து மறு காதை ஆட்டினார். நரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நிழல் மெல்ல மெல்ல அவருடைய வயிற்றடியிலிருந்து நழுவிக் கிழக்கே போயிற்று.

கடைசியில் தும்பிக்கையைத் தூக்கித் தீர்ப்பைச் சொன்னார். ஆள்காட்டிமேல் உள்ள வழக்கு தள்ளுபடி செய்யப்படவில்லை, அடுத்த கோடையின் அடுத்த முட்டைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. மற்றக் குற்றவாளிகள் அனைவரும் நாளை நடுப்பகல் இதே இடத்தில் தவறாமல் ஆஜராக வேண்டும்.

நீதி: நல்லாட்சியின் நிழலில் ஒதுங்க விரும்புவோர், முதலில் தம்மேல் ஒரு வழக்கு வரும்படி நடந்துகொள்க, வந்தபின் அது முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்க.